எங்கள் அபார்ட்மெண்டுக்கு மஞ்சள்

மில்பிடாஸில் இருந்தபோது, நாலாவது படித்த என் மகளுக்குப் பள்ளியில் ஒரு பிராஜெக்ட் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மொழிகளை மேப்பில் குறித்துக் கலர் அடிக்க வேண்டும். குழந்தைகளும் பேசினால் பச்சை. பெரியவர்கள் மட்டும் பேசினால் மஞ்சள். பேச ஆளே இல்லையென்றால் சாம்பல். விட்டுப்போனதைத் திரும்பக் கற்கிறார்கள் என்றால் சாம்பல் மேல் பச்சைக் கோடு.

என் கணவருக்குக் குஷி தாங்கவில்லை. வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் ஆஸ்தான மேடைப் பேச்சாளர் அவர். எந்த மொழியைக் காட்டினாலும் அரைமணியில் அதைத் தமிழுக்குப் பேத்தி ஆக்கிவிடுவார். அன்றைக்கும் எங்கேயோ 'ம்மா' என்று முடிகிற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, இவங்கள்லாம் நம்மாளுங்கதான்!" என்று துள்ளினார்.

அம்மாடி, எத்தனை மொழிகள்! மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. லிவர்மோர் கோயிலுக்கு டிரைவ் பண்ணும்போதே வேறொரு மொழிக்குள் போய்விடுகிறோம். அங்கே புளியோதரைக்கு வரிசையில் நிற்கிற நமக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது?

மில்பிடாஸ் ஒலோனி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். மகள் அங்கே சாம்பல் அடித்து, "தே ஆர் லேர்னிங் இட் அகெயின்" என்று பச்சைக் கோடுகளும் போட்டாள். பிறகு அதற்குள் குட்டியாக ஒரு கட்டம் வரைந்து மஞ்சள் அடித்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"திஸ் அபார்ட்மெண்ட். டமில்."

"அதுக்கு எதுக்கு மஞ்சள்?"

"யூ அண்ட் அப்பா ஸ்பீக் இட். கிட்ஸ் டோன்ட். தட்ஸ் த ரூல்."

கணவர் முகம் சிவந்துவிட்டது. மேடையில் யாராவது ஒரு ஆங்கிலச் சொல் பேசினால் அபராதம் போடச் சொல்கிற மனுஷன், எகிறிக் குதித்தார்: "டமில் இஸ் எ கிளாசிக்கல் லாங்குவேஜ்! சேஞ்ச் இட் டு கிரீன். ரைட் நவ்!"

"பட் தட்ஸ் லையிங்," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது.

"நீயாவது சொல்லேன் அவகிட்ட!" என்று என் பக்கம் திரும்பினார்.

பாவம், அவர் எந்த மொழியில் கத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைக் கோதி, பதமாகச் சொன்னேன்.

"ஹனி, ஜஸ்ட் யூஸ் எ பென்சில். யூ கேன் சேஞ்ச் இட் லேட்டர்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"இட் இஸ் பென்சில், அம்மா," என்றாள்.