கடைசி அண்ணன்

மற்ற எல்லோரும் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் குனிந்து, நன்றாகக் கட்டியிருக்கும் ஷூ கயிற்றை அவிழ்ப்பார். அவிழ்த்து, இரண்டு நுனியும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கட்டுவார். இடது முடிந்ததும் வலது. நடுவில் நிமிர்ந்து பூங்கா வாசலை ஒரு பார்வை பார்ப்பார், கழிப்பறைப் பக்கம் ஒரு பார்வை. யாரும் மிச்சமில்லை என்று உறுதியானதும் தொடையில் தட்டிக்கொண்டு, "சரி, போலாம்" என்று தனக்குத்தானே உத்தரவு கொடுத்துவிட்டுக் கிளம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவில் அவருக்குப் பெயர் கடைசி அண்ணன். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் சாதாரண ஆட்கள். முடி திருத்துகிறவர், மொபைல் கடைக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் பெண் என்று ஊரில் தினமும் கண்ணில் படுகிறவர்கள். யாரும் பதக்கம் வாங்கியதில்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. தலைவி ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க "நல்லா வாயைத் திறங்க" என்று கெஞ்சுகிறவர், ஞாயிறு காலையில் மட்டும் "வாயை மூடுங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்று விரட்டுவார்.

டாக்டர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. குழுவில் ஒருவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். கால் சுளுக்கியவர், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவர், பாதி வழியில் மனம் மாறி வீட்டுக்கு நழுவப் பார்ப்பவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. ஓட்டம் முடிகிற டீக்கடைக்கு அந்தக் கடைசி ஆள் வந்து சேரும்வரை யாருக்கும் டீ கிடையாது. இந்த வேலைக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் கையைத் தூக்கினார். அன்றிலிருந்து பதவி நிரந்தரம்.

வாரநாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடிக்கும் மேலே, தலை இடிக்கிற ஒரு மோட்டார் அறையில், கிரீஸ் வாசனைக்கு நடுவே குந்தியிருப்பார். லிஃப்ட் ஓடும்வரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மாடிக்கு மாடி அவரைத் திட்டுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவின் இடுக்கில் வாயை வைத்து அவர் சொல்லும் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க. காத்து வருது. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசிக்கிட்டே இருங்க." ஒருமுறை உள்ளே இருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது. "பக்கத்துல இருக்கறது என் வீட்டுக்காரர். வேற ஏதாவது வழி சொல்லுங்க." கதவைத் திறந்து விட்டால் வருகிறவர்கள் நின்று அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. படிக்கட்டு எங்கே என்று தேடிக்கொண்டு ஓடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. தையல்கடை முனையில் அவருடைய மஞ்சள் தொப்பி தெரிந்ததும் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். "வந்துட்டாருய்யா!" என்று முடி திருத்துகிறவர் விசிலடிப்பார். டீக்கடைக்காரர் அடுப்பைக் கூட்டிவிடுவார். இவர் வேண்டுமென்றே கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, கைதட்டலை முழுசாக வாங்கிக்கொண்டு வந்து சேருவார்.

"நாலு பேர் கைதட்டுறாங்கன்னு இந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஆனா அலாரத்துக்கு முன்னாடி எந்திரிக்கிறார்" என்பது அவர் மனைவியின் வாக்குமூலம். "எங்க கல்யாணத்தன்னைக்கு ஆள் அனுப்பி எழுப்பித்தான் கூட்டிட்டு வந்தாங்க."

அவரால் வேகமாக ஓட முடியாது என்று நினைத்தால் அது தப்பு. ஒரு மாலையில் பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடியதை மொபைல் கடைக்காரர் பார்த்துவிட்டார். பஸ்ஸைப் பிடித்தது மட்டுமில்லை, தாண்டியே போய்விட்டாராம்.

"அண்ணே, நீங்க இப்படி ஓடுவீங்களா?"

"தம்பி, உன் கால்ல வேணா விழறேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதப்பா. முன்வரிசையில போட்டுருவாங்க."

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நூலகத்து அக்கா வந்து சேர்ந்தார்.

அக்கா நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. இத்தனை வருஷமும் மாலையில் எல்லோரும் போன பிறகு, மேசைகளுக்கு அடியில் குனிந்து பார்த்து, அலமாரிகளின் நடுவே நடந்து பார்த்து, விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தவர். முதல் ஞாயிறு எல்லோரும் ஓடிப்போன பிறகு இவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். நிமிர்ந்தால், அக்கா அங்கேயே நிற்கிறார்.

"போங்க அக்கா. நான் பின்னாடி வரேன்."

"நீங்க போங்க தம்பி. எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருந்தா எனக்குக் காலே வராது. பழக்கம் அப்படி."

"இல்ல அக்கா, இது என் டியூட்டி."

"நல்லது. என் டியூட்டியும் அதான்."

வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும். இவர் சுவரொட்டி படிப்பது போல நிற்பார். அக்கா உடனே ஷூவைக் கழற்றி இல்லாத மணலைக் கொட்டுவார். இவர் செருமிக்கொண்டு அரை அடி வைப்பார், அக்கா கால் அடி வைப்பார். தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு போன ஒரு பெயின்டர் அவர்களைத் தாண்டிப் போனார். கிழட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் தாண்டிப் போனார். அந்த நாய் மட்டும் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தது.

டீக்கடையில் பால் சுண்டியது. அன்றைக்கு வெயில் ஏறிய பிறகு எப்படியோ தோள் உரச ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். யாரைப் பார்த்துக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் அரைகுறையாகத் தட்டினார்கள். இவர் அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நிலைமை முற்றியது. தையல்கடை முனைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றே விட்டார்கள். "நீங்க போங்க." "இல்ல, நீங்க போங்க." பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டாக்டர் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் இருவருக்கும் பின்னால் போய் நின்று, மாடு ஓட்டுவது போலக் கையை வீசினார். "நடங்க ரெண்டு பேரும்! கடவாய்ப் பல்லைப் பிடுங்கறதுக்கே எனக்கு இவ்வளவு நேரம் ஆகறதில்ல."

இவர் பவ்யமாக அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். "டாக்டர், நீங்க எனக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. சட்டம் நீங்க போட்டதுதானே?"

அக்கா இவருக்குப் பின்னால் போய் நின்றார். டாக்டர் கோபத்தோடு அக்காவுக்குப் பின்னால் போனார், தள்ளுவதற்கு. இவர் டாக்டருக்குப் பின்னால் போனார். இப்படியே ஒருவர் முதுகை ஒருவர் தேடி, மூன்று பேரும் சலவைக்கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, வந்த வழியே பின்வாங்கிப் பூங்கா வாசலுக்கே போய்விட்டார்கள். தேடி வந்த முடி திருத்துகிறவர் தூரத்தில் நின்று கத்தினார்: "டாக்டர்! டீக்கடை இந்தப் பக்கம்!"

பூங்காவின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து டாக்டர் மூச்சு வாங்கினார், வாயால். "அடுத்த வாரம் ஒருத்தர்தான் கடைசி. யாருன்னு நீங்களே பேசி முடிச்சிக்கோங்க. இல்லேன்னா இந்தச் சட்டமே வேணாம். அவங்கவங்க வந்ததும் அவங்கவங்க டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

அவர் போன பிறகு இரண்டு பேரும் கட்டைச்சுவரில் இருந்தார்கள்.

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே அக்கா. இப்ப அங்க யாரு பூட்டறாங்க?" என்று கேட்டார் இவர்.

"யாரும் இல்ல. ஆட்டோமேட்டிக் கதவு போட்டுட்டாங்க. நேரம் ஆனா தானா மூடிக்கும், தானா பூட்டிக்கும்." அக்கா கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க லிஃப்ட் கதவெல்லாம் பார்க்கறவர். கேக்கறேன், சொல்லுங்க. உள்ள ஒருத்தர் இருந்தா அந்தக் கதவுக்குத் தெரியுமா?"

"தெரியணும்" என்றார் இவர். "பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு நிலையில் இல்லை. எண்ணெய் போட்ட சக்கரத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மாவுக்கு விட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார் மனைவி.

"விட்டுக் குடுத்துட்டா அப்புறம் நான் யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அது திங்கக்கிழமை."

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் அவர் நூலகத்துக்குப் போனார். கதவை வெளியிலிருந்து பார்த்தார், அதன் சட்டகத்தை விரலால் தடவினார். உள்ளே ஆள் இருப்பது தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே இருந்துதான். கடைசி அலமாரிக்குப் பின்னால் போய், ஒரு மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விளக்குகள் வரிசையாக அணைந்தன. கதவு வழுக்கிக்கொண்டு வந்து, 'டொக்' என்று பூட்டிக்கொண்டது.

கதவுக்குத் தெரியவில்லை.

பதில் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்தவருக்கு அப்புறம்தான் உறைத்தது. எத்தனையோ பேரை லிஃப்ட் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மனிதர், கருவிப் பையை வண்டியில் வைத்துவிட்டு, புத்தகங்களோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார். கதவின் நடுவில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. மனைவிக்குப் போன் பண்ணினால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். கடைசியில் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் அக்காவின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"உங்க நூலகத்துலதான் அக்கா. உள்ள."

"எந்த மேசை?" என்றார் அக்கா.

வந்துவிட்டார். வீட்டில் உடுத்தியிருந்த துணியோடு, கையில் டார்ச்சோடு, மூச்சிரைக்க. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குனிந்து, இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க தம்பி, நான் வந்துட்டேன்" என்றார். இந்த வாசகத்தைச் சொல்லித்தான் இவருக்குப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

பத்திரிகைகள் கட்டி வைக்கும் அறையின் ஜன்னலில் ஒரு கொக்கி சரியாக விழாது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த ஜன்னல் வழியாக இவர் முதலில் தலையையும், பிறகு வயிற்றையும், வெகுநேரம் கழித்து மிச்சத்தையும் வெளியே எடுத்தார். சட்டையின் இரண்டு பொத்தான்கள் உள்ளேயே விழுந்துவிட்டன.

"கதவுக்குத் தெரியல அக்கா" என்றார், தூசியைத் தட்டிக்கொண்டு.

"நான் அப்பவே நினைச்சேன்."

இவர் வண்டியை எடுக்கப் போனார். அக்கா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அதே ஜன்னலில் தலையை நுழைத்து, டார்ச்சை மேசைகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். இருட்டுக்குள் அவர் குரல் கேட்டது. "வேற யாராவது இருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க." பதில் வருவதற்கு ஒரு அவகாசம் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை கேட்டார். அப்புறம்தான் ஜன்னலைச் சாத்தினார்.

ஞாயிறு காலை, டாக்டரின் "வாயை மூடுங்க" கேட்டு எல்லோரும் ஓடினார்கள். பூங்கா வாசலில் இரண்டு பேர் மிச்சம். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் ஆனாலும் நிற்பேன் என்கிற மாதிரி நின்றார்.

இவர் ஷூ பக்கம் குனியவில்லை. "நான் போறேன் அக்கா. நீங்க பார்த்து வாங்க" என்றார்.

அக்கா கட்டிய கையைப் பிரித்தார். "நிஜமாவா தம்பி?"

"கேக்காதீங்க. மனசு மாறிடும்."

நாலு எட்டு ஓடியிருப்பார். முதுகு அரித்தது. பின்னால் ஒரு ஆள் வர, தான் முன்னால் போவது அவர் உடம்புக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மா தடுக்கி விழுந்தால்? பாதியில் உட்கார்ந்துவிட்டால்? சட்டென்று திரும்பினார். நிற்கவில்லை, பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளவும் இல்லை. முகத்தை அக்கா பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடத் தொடங்கினார்.

மருந்துக்கடைக்காரர் வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சலவைக்கடை வாசலில் இருந்த துணி மூட்டையில் இடித்து, மூட்டையிடம் மன்னிப்புக் கேட்டு, மேலே போனார். தையல்கடை முனையில் முதலில் தெரிந்தது அவருடைய முதுகு. டீக்கடை பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். முடி திருத்துகிறவர் விரல்களை வாயில் வைத்துவிட்டு, ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"அண்ணே, தூண்! பின்னாடி தூண்!" என்று மொபைல் கடைக்காரர் கத்தினார்.

அவர் காதில் விழவில்லை. முனை திரும்பி, மெதுவாக, தனியாக, எல்லோருக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்தார் அக்கா. பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது இவர்தான் என்றாலும், பெரிய லாரியைச் சின்னச் சந்துக்குள் கொண்டுவருகிறவர் போல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி ஆட்டிக்கொண்டு, "வரலாம், வரலாம், நேரா வரலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.