வேறு ஆள்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தென்காசியில் வேலை கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலத்தில் நடக்கும் வேதாந்த வகுப்புக்குப் போனேன். வகுப்பெடுக்கும் அம்மா திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: உடம்புதான் பல, உள்ளே இருப்பது ஒன்று, நான் வேறு, நீ வேறு என்பது மயக்கம். வீட்டில் யாருக்கும் எட்டாதது எனக்குப் புரிகிறது என்று பெருமையாக இருந்தது.

அதைச் சிறு வயதிலிருந்தே வேறு விதமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊருக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் தண்ணீர் பாய்ச்சுவதில் தொடங்கிய பகை. இங்கே ஒருவன் விழுந்தால் அங்கே ஒருவன் விழ வேண்டும். வெட்டியவனே விழ வேண்டும் என்பதில்லை. அந்த ஊர்க்காரன் எவனானாலும் சரி. அந்தப் பகையிலும் ஆள் என்று தனியாக ஒருவன் கிடையாது. யாரையும் தொட்டறியாத என் தாய்மாமன் அப்படித்தான் போனார். அதன் பிறகு பிறந்த தம்பிக்கு அச்சாக அவர் முகம். அம்மா அவனைத் தனியாக எங்கும் விடமாட்டாள்.

போன சாரல் சீசனில் அவனை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும்போது, பஜ்ஜிக் கடையில் நின்ற வயதானவர் ஒருவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். மாமாவை வெட்டியவர்களில் ஒருவர். ஒரு கல்யாண வீட்டில் அம்மா தூரத்திலிருந்து காட்டியிருக்கிறாள்.

அவர் தம்பியிடம் நெருங்கி வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஏலே, ஒன்னய அன்னைக்கே முடிச்சாச்சே. இங்கன எப்பிடி வந்து நிக்க?"

தம்பி ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்தான். நான் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இவன் என் தம்பி. நீங்க நினைக்கிற ஆளு இல்ல. வேற ஆளு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தம்பியின் இடது காதுக்குக் கீழே ஒரு விரலால் மெதுவாகத் தடவினார். எதையோ தேடுவது போலிருந்தது.

"வெட்டுன வடு இல்லையே," என்றார். "அப்போ வேற ஆளுதான்."

திரும்பிப் போய் டீயைக் குடித்தார்.

பஸ்ஸில் தம்பி அவர் யார் என்று கேட்டான். தெரியாது என்றேன். தென்காசி வரும்வரை அவன் கை அந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வகுப்பில் அந்த அம்மா வழக்கம்போல, நீங்களும் நானும் வேறா என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். நான் மட்டும் வேறுதான் என்றேன். அவர் பொறுமையாக முதலிலிருந்து விளக்கினார். எல்லாம் புரிந்தது. மறுபடி கேட்டபோதும் வேறுதான் என்றேன்.