சிவப்புக் காகிதப் பொத்தான்

மகளின் நீச்சல் கண்ணாடியில் வரும் ரப்பர் வாசனை, அமெரிக்காவின் ரவுண்ட் ராக் ஊரில் பின்னாளில் இடித்துவிட்ட எங்கள் பள்ளிக்கூட ஜிம்முக்கு என்னை இழுத்துப்போகிறது. அங்கே பள்ளி நிகழ்ச்சியில் நாங்கள் பிரபலங்களாக வேஷம் போட்டுச் சிலையாக நிற்போம். காலடியில் ஒட்டிய சிவப்புக் காகிதப் பொத்தானை யாராவது மிதித்தால்தான் வாயைத் திறந்து கதை சொல்வோம். கடலைத் தனியாகத் தாண்டிப் புகழ்பெற்று, இன்னொரு பயணத்தில் விமானத்தோடு காணாமல்போன பெண் பைலட் வேஷம் என் தோழி நிலாவுக்கு. ஒத்திகையில் பைலட் கண்ணாடிக்குப் பதிலாக நெற்றிமேல் நீச்சல் கண்ணாடியோடு நிற்பாள். கம்பெனி ஆட்களைக் குறைத்த லேஆஃபில் அவள் அப்பாவுக்கு வேலை போக, விசாவும் போக, நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அவள் இடத்தில் தரையில் ஒட்டிய பொத்தானை யாரும் எடுக்கவில்லை. நிகழ்ச்சியன்று என் அம்மா அதை மிதித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், "இங்க யாருடி நிக்கணும்?" என்றாள்.

என் பொத்தானை யாரும் மிதிக்கவில்லை. நான் அசையவில்லை.