கப்பலுக்குப் போன ஜல்லிப் பாதை

பாராடாங் தீவில் வேலை தேடி ஓடையோரப் பாதையில் சைக்கிளில் போனேன். சக்கரத்தடியில் ஜல்லி நறநறத்ததும், அம்மாவைத் தவறவிட்ட நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருடம், எனக்கு ஒன்பது வயது. அப்போது வேறொரு தீவில், ஹட் பேயில் இருந்தோம். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. போர்ட் பிளேர் கப்பலில் அனுப்ப, ஆஸ்பத்திரி ஜீப்பில் ஜெட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூடப் போக வேண்டிய அப்பா, துணி எடுக்க, சுனாமிக்குப் பிறகு நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகைக்கு வந்து, என்னையும் கேரியரில் ஏற்றிக்கொண்டார். கடலோர ரோட்டில் அரை மணி நேரம்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் போனதே இல்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் ஓடையைச் சுற்றும் ஜல்லிப் பாதையில் மிதித்தார்.

எதிரே வந்த பக்கத்துக் கொட்டகை வங்காளி, "அரே அண்ணா, ஜஹாஜ் கிளம்பிடும், கீழ் ரோட்ல போங்க!" என்று கத்தினார்.

"கடல் என்ன ஒன் மாமனாரா, சொல்லிட்டு வர்றதுக்கு?" என்றார் அப்பா.

"அம்மா தனியா இருக்கும்ப்பா."

"போயிருவோம் புள்ள. இறுக்கிப் புடி."

ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது. இறங்கித் தள்ளும்போதே கப்பலின் சங்கு கேட்டது.

ஜெட்டிக்கு வந்தபோது கப்பல் நகர்ந்துவிட்டிருந்தது. அப்பா அப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

"கையக் காட்டு புள்ள. ஒன்னயாவது பாக்கட்டும்."

அம்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமலே கையாட்டினேன்.