குனிய முடியாத சப்பாத்துக்கடைக்காரி

சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறாள் என்பது கடவுளுக்கும் அவளுடைய முழங்காலுக்கும்தான் தெரியும்.

என் பெயர் யோகேஸ்வரி. கடையில் எல்லோருக்கும் யோகா. கண்டி டவுனில் ஒரே கடையில் இருபத்து மூன்று வருஷமாக நிற்கிறேன். துணிக்கடையோ, மருந்துக்கடையோ, பஸ் மிதிபலகையோ, நின்றபடியே பிழைக்கிற எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். அதனால் கூச்சப்படாமல் சொல்கிறேன்: இரண்டு வருஷத்துக்கு முன்பு என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. கூடவே சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பிரஷர்; பாதமும் பாதி மரத்துப்போயிருந்தது. படி ஏறினால் மூச்சு எனக்கு முன்னால் ஓடும்.

பெருவிரல்

சப்பாத்து விற்பதில் ஒரே ஒரு வித்தைதான் இருக்கிறது. போட்டுப் பார்க்கிறவரின் காலடியில் குந்தி, சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அமுக்க வேண்டும். உள்ளே கால்விரல் எங்கே முடிகிறது என்பது நம் விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்குக் குந்த முடியாமல் போனதும், நின்றபடியே "இறுக்குதா?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை நம்பத் தொடங்கினேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், கடையில் நிற்க இடமில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு நாடா கட்ட எப்படியோ குனிந்துவிட்டேன். நிமிர முடியவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அந்தப் பிள்ளை என் தோளில் தட்டிச் சொன்னாள்: "நானே கட்டிக்கிறேன் ஆன்ட்டி, நீங்க மொதல்ல மூச்சு விடுங்க."

ஹுன்னஸ்கிரிய ஐயா

இதை எழுதும்போது இப்போதும் மனம் கூசுகிறது. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியின் கல்யாணத்துக்குச் சப்பாத்து வாங்க வந்தார். வாழ்நாளில் முதல் சப்பாத்து என்றார். நான் குனியவில்லை. "சரியா இருக்கா ஐயா?" என்றேன். "சரியாத்தாம்மா இருக்கு" என்றார். கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, கால்விரலில் துணி சுற்றியபடி கடை வாசலில் நின்றார். அவருக்கும் சீனி வருத்தம். பாதத்தில் உணர்ச்சி குறைவு. சப்பாத்து இறுக்கி, புண்ணாகி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்திருக்கிறார். விரல் தப்பியது பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னாராம். சண்டை பிடிக்க வரவில்லை; மருந்து கட்டப் போகிற வழியில், பெரிய சைஸ் செருப்பு ஒன்று கேட்டுத்தான் வந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ என்னம்மா செய்வ, ஒனக்குக் குனிய முடியல, எனக்கு வலி தெரியல."

முதலாளியின் கையெழுத்து

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். ஆறு வருஷமாகப் பட்டினியும் நடையும் முயன்று தோற்றவள் நான். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற சத்திரசிகிச்சைதான் இனி வழி என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியல் நீளம். தனியாரில் செய்ய என்னிடம் இருந்தது, ஓய்வுக்காலத்துக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதி மட்டும்தான். வைத்தியத்துக்கென்றால் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கலாம்.

என் கணவர் சுந்தரம் குண்டசாலையில் த்ரீவீல் ஓட்டுகிறார். அவருக்குச் சேமலாபமும் இல்லை, பென்ஷனும் இல்லை. வயதான பிறகு இருவருக்கும் என் காசுதான். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து த்ரீவீலைத் துடைக்கப் போய்விட்டார். நாலாவது நாள், "ஒப்பரேஷன் மேசையிலேயே ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தக் காச வச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பயம் காசைப் பற்றியதல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

படிவத்தில் முதலாளியின் கையெழுத்தும் வேண்டும். கடை முதலாளி ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். முதுமைக்கு வைத்த காசை இப்போதே எடுப்பது பிழையா என்று நானே கேட்டேன். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வயசு போன காலத்துல திங்கிறதுக்குத்தானே மகள் அந்தக் காசு, அதுக்கு மொதல்ல வயசு போற வரைக்கும் நீங்க உசுரோட ஈக்கோணுமே."

வரிசையில்

சேமலாப நிதி அலுவலகத்துக்குச் சுந்தரமே த்ரீவீலில் கூட்டிப்போனார். வரிசையில் முக்கால்வாசிப் பேர் வீடு கட்டக் காசு எடுக்க வந்தவர்கள். என் முறை வந்தது. மேசையில் இருந்த சிங்கள அம்மா என்ன நோய் என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன், வரிசை முழுவதற்கும் கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். டாக்டரின் கடிதத்தில் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை இன்னொன்று குறைந்தது.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை குத்திவிட்டு அந்த அம்மா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி ஒரு காலை நீட்டிக் காட்டினார். கறுப்புச் சப்பாத்து, எங்கள் கடையுடையது. தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னார்: "இது நீங்க தந்தது, மூணு வருஷம், இன்னும் நல்லம், நீங்களும் நல்லமா வாங்க."

புரியாணிப் பார்சல்

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். முதலில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர், பிறகு வடித்த சூப். மூன்றாம் வாரம், பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசம் வந்ததும் படுக்கையில் இருந்து தேம்பினேன். என்ன காரியம் செய்தோம், காசும் போய் வாயும் போய்விட்டதே என்று இருந்தது. சுந்தரம் என் முன்னால் சாப்பிட வெட்கப்பட்டு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து, என்னோடு வேலை செய்கிற ரிஸ்வான் நானா கட்டுகஸ்தோட்டையிலிருந்து சுகம் விசாரிக்க வந்தார், கையில் புரியாணிப் பார்சல்களோடு. வாசலில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. அவரையும் சுந்தரத்தையும் என் முன்னாலேயே உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னேன். ரிஸ்வான் நானா முதல் பிடியை எடுத்தபடி சொன்னார்: "நீங்க சூப்பக் குடிங்க தங்கச்சி, ஒங்கட பங்கையும் நாங்க ரெண்டு பேரும் எப்பிடியாவது கஷ்டப்பட்டுத் திண்டு முடிக்கிறோம்."

அந்த அக்கா

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு கிலோ குறைந்தது. தலைமுடியும் கொட்டியது, கன்னமும் தொங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் வாடிக்கையான ஒரு டீச்சர் வந்தார். அவர் முன்னால் குந்தினேன், பெருவிரலால் நுனியை அமுக்கினேன், அரை சைஸ் கூட்டிக் கொண்டுவந்து போட்டேன், கதிரையைப் பிடிக்காமல் எழுந்தேன். எனக்கு அது பெரிய திருவிழா. டீச்சருக்கோ நான் புது ஆள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்: "முந்தி இங்க ஒரு தடிச்ச அக்கா இருந்தாங்களே, நல்ல மனுஷி, அவங்க காலமாகிட்டாங்களா?"

செருப்பு வாங்க வராதவர்

போன மாதம் கனத்த உடம்புக்காரி ஒருவர், என் வயதுதான், உள்ளே வந்து அரை மணித்தியாலம் செருப்புகளைத் தொட்டுத் தொட்டு வைத்தார். கடை ஓய்ந்ததும், "நீங்கதானா அந்த ஒப்பரேஷன் செஞ்சவங்க?" என்றார். கதிரையில் இருத்தி, வலியையும் வாந்தியையும், காலில் எறும்பு கடிப்பது மறுபடி தெரிவதையும் மறைக்காமல் சொன்னேன். சேமலாபத்தில் எடுத்ததையும் சொன்னேன். டாக்டரைப் பார்க்காமல் எதுவும் முடிவு செய்யாதீர்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இனி ஒரு நேரத்துக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டார். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். தன் உள்ளங்கையையும் அப்படியே குவித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசு போனா போகட்டும் அக்கா, கொத்து ரொட்டியப் பத்திக் கொஞ்சம் யோசிக்கணும்."

எது எப்படியோ, ஓய்வெடுப்பதற்கென்று சேர்த்த காசைக் கொடுத்து, இன்னும் பத்து வருஷம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற உடம்பை வாங்கியவள் எங்கள் கடையில் நான் ஒருத்திதான்.