பத்தொன்பதாவது குதிரையின் முறை

அன்று காலை மலைமேல் கம்பிக் கயிறு தொடங்கும் மேடையில் இருந்தவர்கள் நான், என் அப்பா, ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர், பிறகு கம்போடு ஏறி வந்த குதிரைக்காரர்கள் பதினெட்டுப் பேர். அக்காள் புருஷன், அதாவது மச்சான், கீழே பாதை வளைவில் சிவப்புத் துணியோடு நின்றார். வராதவர் ஒருவர்தான். என் சித்தப்பா. அவரும் குதிரைக்காரர், பத்தொன்பதாவது ஆள். அவர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் அய்யம்பாளையத்துக்கு மேலே, ரோடு இல்லாத மலையில் இருக்கிறது. மலைவாழை, எலுமிச்சை, காப்பி எல்லாம் குதிரை முதுகில்தான் அடிவாரம் இறங்கும். அங்கிருந்து லாரியில் ஒட்டன்சத்திரம் போகும். குதிரைக்கு வழியில்லாத சரிவுகளில் அப்பாவைப் போன்றவர்கள் தலையில் சுமந்து வருவார்கள். அப்பாவின் கழுத்து முப்பத்தைந்து வயதிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

குதிரைகளுக்குள் முறை உண்டு. சுமை குறைந்த மாதங்களில் நாளுக்கு ஒரு குதிரைக்குத்தான் வேலை இருக்கும். இன்று உன் முறை என்றால் இன்று நீ இறங்க வேண்டும். கல்யாணம், காய்ச்சல் எதுவும் கணக்கில் வராது. சுமையே இல்லாவிட்டாலும் வெறும் குதிரையைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் போய்த் தண்ணீர் காட்டிவிட்டு ஏறி வரவேண்டும். விட்டால் பெயர் கடைசிக்குப் போய்விடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வயதில் சித்தப்பா என்னை வெறும் குதிரையின் மேல் உட்காரவைத்து அப்படி முறை காத்திருக்கிறார். பின்னால் நான் பாலிடெக்னிக்கில் சேர ஃபீஸ் இல்லாமல் நின்றபோது ஒரு குதிரைக்குட்டியை விற்றதும் அவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அட்டுவம்பட்டியில் ஒரு அறை. டிப்ளமோ முடித்து எனக்குக் கிடைத்த வேலை அதுதான். பள்ளி நூலகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விமானத்துக்கும் போக்குவரத்துக்குமான துறை ஒன்று, எண்ணெய் எரிக்காமல் ஆளையோ சரக்கையோ நகர்த்தும் வழிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தருகிறது, ஏழை நாடுகளிலிருந்தும் எழுதலாம் என்று இருந்தது. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. இறங்கும் பாரமே ஏறும் தொட்டியை இழுக்கும்படி ஒரு கம்பிக் கயிறு. டீசல் வேண்டாம், கரண்டு வேண்டாம். ஆபீஸ் மெஷினிலேயே விண்ணப்பத்தை அடித்தேன்.

படிவத்தில் பதினான்காவது கேள்வி: இந்தத் திட்டத்தால் பிழைப்பை இழக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? பத்தொன்பது என்று எழுதினால் பணம் வராதென்று பயந்தேன். பூஜ்யம் அடித்தேன். தாளை உருவி எடுத்தபோது மை காய்ந்திருந்தது.

பணம் இரண்டு தவணை. முதல் தவணையில் கம்பியும் கப்பிகளும் விமானத் தகட்டில் செய்த இரண்டு தொட்டிகளும் வந்தன. தூண்களுக்கு மரமும் குழி வெட்டும் கூலியும் ஊர்ப் பங்கு. தங்கள் இன்ஜினியர் முன்னால் ஒரு சுமை பழுதில்லாமல் இறங்கினால்தான் இரண்டாவது தவணை. அது வராவிட்டால் பாதி மலையில் தொங்கும் கம்பியும் ஊர் போட்ட காசும் வீண். தலையாரி முதல் கடைக்காரர் வரை என் முகத்தைப் பார்த்துத்தான் காசு போட்டிருந்தார்கள்.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு அடிவாரத்து டீக்கடையில் குதிரைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவர்களில் மூத்தவர், நெற்றியில் லாடம் பட்ட வடு உள்ளவர், கிளாசைக் கீழே வைத்தார்.

"வாங்க ஏரோப்பிளான் இன்ஜினியரே. எப்ப எறங்குது ஒங்க பிளேனு?"

"பிளேன் இல்லங்கய்யா. வெறும் தொட்டி. அவங்க விமானத்துக்குச் செய்யிற தகடுல…"

"கேட்டுக்கங்கப்பா. நம்ம வாழத்தாரு விமானத்துல போகுதாம். குதிரய என்ன செய்ய, பழனிக்குக் கூட்டிப்போயி மொட்ட போட்டு விட்ருவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

"ஏலே, ஒரு கேள்வி கேக்கேன். அந்த வெள்ளக்காரனுக்கு எழுதினியே காயிதம், அதுல எங்களப் பத்தி என்ன எழுதின?"

"எழுதியிருக்கேன் சித்தப்பா."

"என்னன்னு?"

நான் பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். அவர் எழுந்தார். சேணத்து வாரை இடுப்பிலிருந்து உருவினார். முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவது அடிக்கு நான் பெஞ்சியிலிருந்து உருண்டு கொதிக்கிற பால் சட்டியில் மோதினேன். முழங்கை வெந்தது. "எழுதலன்னு சொல்லுடா! எழுதலன்னு சொல்லு, விட்டுர்றேன்!" என்று அவர் கத்தினார். நான் சொல்லவில்லை. வாரின் இரும்புப் பூட்டுப் பட்டு முதுகுத் தோல் கிழியும்வரை அடித்தார். கடைசியில் மற்றவர்கள்தான் அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்பாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. மறுநாள் நாலாவது தூண் அடியில் கோடாலி வெட்டு விழுந்திருந்தது. யார் செய்தது என்று அப்பா விசாரிக்கவில்லை. பாதையில் முதலில் எதிர்ப்பட்ட குதிரைக்காரனை மண்வெட்டிக் காம்பால் வாயில் அடித்தார். இரண்டு பல் போயிற்று. அதற்குப் பழியாக எங்கள் ஆட்டுக்கிடாயின் முன்னங்கால்களை யாரோ முறித்துப் போட்டுப் போனார்கள். அது செத்துப்போக ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டது. நான் தூணுக்கு இரும்புப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். கிடாயின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்திவிடலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சோதனை நாள். இன்ஜினியர் நல்ல உயரம், மெதுவாகப் பேசுவார், மலை ஏறிய களைப்பில் முகமெல்லாம் சிவந்திருந்தார். கம்பியைத் தட்டிப் பார்த்தார், பிரேக் கட்டையை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பாதை வளைவுக்கு மேலே பாரத்தோடு தொட்டி போகும்போது கம்பி தொய்ந்து ஆள் உயரத்துக்கு இறங்கும். அந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் நின்று பாதையை மறிக்க வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னார். அதற்குத்தான் மச்சான்.

ஊர்ச் சுமை எல்லாம் அன்று கம்பிக்கு. எட்டு வாழைத்தாரைத் தொட்டியில் அடுக்கிக் கொக்கியில் மாட்டினோம். பிரேக்கைப் பிடித்தது நான். விடுவதற்கு முன்னால் சரிவில் தலைகள் தெரிந்தன.

மூத்தவர் முன்னால் வந்தார். "தொட்டிய எறக்கு."

"சோலியப் பாத்துப் போங்க. இது ஊர்ச் சொத்து," என்றார் அப்பா.

"ஊரு யாருடா? நாங்க ஊரு இல்லியா? சொமக்கிற கழுத்துக்கு மட்டுந்தான் ஊரா?"

"ஒங்க குதிர நடக்காத எடத்துலதான்டா என் கழுத்து நடந்துச்சு!"

நான் எண்ணினேன். பதினெட்டு. எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள், பாதையில் குதிரை இருக்காது, மச்சான் கீழே சும்மாதானே நிற்கிறார் என்று பட்டது. எங்கள் பக்கம் கைகலப்புக்கு ஆள் போதவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினேன். "மச்சான், மேல வாங்க! வெரசா!"

மச்சான் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தார்.

அவர் மேடையில் ஏறுவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. யாருடையது என்று தெரியாது. அப்பாவின் மண்வெட்டிக் காம்பு ஒருவன் தோளில் இறங்கியது. இரண்டு பேர் அவரைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். நடுவே புகுந்த இன்ஜினியரின் கண்ணாடி நொறுங்கி, புருவத்திலிருந்து ரத்தம் வடிந்தது. மச்சான் ஒருவனுடைய காதைக் கடித்துக்கொண்டு விடவில்லை. நான் பிரேக்கை விடாமல் ஒரு காலால் உதைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவரின் கம்பு என் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை தானாக விட்டுப்போனது.

தொட்டி போயிற்று. கம்பி பாடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாரும் ஒரு கணம் நின்றோம். காலித் தொட்டி கீழேயிருந்து அம்பு மாதிரி ஏறி வந்து மேடைத் தூணில் மோதிக் காகிதமாகக் கசங்கியது. அதற்குச் சற்று முன்னால் கீழே வளைவிலிருந்து ஒரு குதிரையின் கனைப்பு வந்தது. பாதியில் அறுந்த கனைப்பு.

"குதிரையா? யாரு குதிர?" என்றார் இன்னும் கீழே கிடந்த அப்பா.

மூத்தவரின் கம்பு கீழே விழுந்தது. "இன்னிக்கு அவன் முறைடா," என்றார்.

சித்தப்பா சண்டைக்கு வரவில்லை. முறை காக்க வெள்ளனே வெறும் குதிரையோடு இறங்கியிருக்கிறார். அடிவாரம்வரை போய்த் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தார். வளைவில் மறிக்க ஆள் இல்லை.

எல்லாரும் சேர்ந்து ஓடினோம். குதிரையின் முதுகு உடைந்திருந்தது, பின்பாதி அசையவில்லை, முன்கால்கள் மட்டும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. சித்தப்பாவின் வலது கால் அதன் அடியில். தொட்டியின் தகடு முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தது. சுற்றிலும் வாழைக்காய் சிதறிக் கிடந்தது. மூத்தவர் ஒருவனிடமிருந்து அரிவாளை வாங்கிக் குதிரையின் கழுத்தில் போட்டார். ஒரே வெட்டில் முடியவில்லை, மூன்று வேண்டியிருந்தது. ரத்தம் சித்தப்பாவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே, துணிக்காரன் எங்கடா?"

"நாந்தான் கூப்பிட்டேன் சித்தப்பா."

அப்பா என்னை அப்போதுதான் அடித்தார். அவருடைய கை என் மேல் விழுந்தது வாழ்நாளில் அதுதான் முதல் முறை. உடைந்த மணிக்கட்டோடு என்னைப் பாறையில் சாய்த்து, வாயில் ரத்தம் வரும்வரை அடித்தார். யாரும் தடுக்கவில்லை.

கட்டிலைக் கொண்டுவந்து சித்தப்பாவைத் தூக்கினோம். நாலு மைல் இறக்கம். கால்மணி நேரத்துக்கு ஒருதரம் ஆள் மாற்ற வேண்டியிருந்தது. மூத்தவர் பழக்கத்தில் குதிரை முறைப் பெயர்களையே வரிசையாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார். சற்று முன் யார் மண்டையை யார் உடைத்தாரோ அவர்களே ஒரே கட்டிலின் இரண்டு காலைப் பிடித்திருந்தார்கள். அய்யம்பாளையத்தில் ஜீப் பிடித்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி. மறுநாள் முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்தார்கள்.

இன்ஜினியர் புருவத்தில் தையலோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து என் படிவத்தின் நகலை எடுத்துப் பதினான்காவது கேள்வியில் விரல் வைத்தார்.

"இங்கே பூஜ்யம் என்று இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில். "உள்ளே படுத்திருப்பவர் யார்?"

"என் சித்தப்பா."

அவர் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டாவது தவணை வரவில்லை. போலீசுக்கு யாரும் போகவில்லை. யாருக்கும் போகத் தைரியமில்லை. கம்பி அப்படியே தொங்கியது. பல் போனவனுக்கும் காது போனவனுக்கும் ஊரில் பேசி முடித்தார்கள். முறையில் சித்தப்பாவின் பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அவர் நாள் வந்தால் வேறொருவரின் குதிரை போகும், கூலி அவர் வீட்டுக்கு வரும். சித்தி அதை வாங்க மறுத்தாள். வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆறு மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ஒரு தாள் வந்தது, கோப்பை மூடுவதற்கு. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் தரப்பில் ஆன மொத்தச் செலவு? மணிக்கட்டு கூடியும் கூடாமலும் இருந்தது. ஆபீசில் கேட்டு மெஷினை வாங்கி ஊருக்குச் சுமந்து வந்தேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். முன்னால் ஸ்டூலில் வைத்தேன்.

"நீங்க சொல்லுங்க சித்தப்பா. நான் அடிக்கேன்."

"நெசமாவா? நான் சொல்றத அப்படியே அடிப்பியா?"

"அப்படியே."

"குதிர தொளாயிரத்துக்கு வாங்கினது. அதப் போடு. ஆசுபத்திரி, மருந்து, ஜீப்பு?"

"ஆயிரத்து முந்நூத்து நாப்பது."

"போடு. ஊரு போட்ட மரம், கூலி?"

"ஆயிரத்து நானூறு."

"தூணு நட்ட சனத்தோட செலவயும் சேத்துதான் கேக்கான் இல்ல? அப்பப் போடு." மேல் துண்டால் வெட்டுப்பட்ட தொடையை மூடினார். "காலு. வருசத்துக்கு எனக்கு எழுபது நட. நடைக்குப் பன்னெண்டு ரூவா. இன்னும் பதினஞ்சு வருசம் நடந்திருப்பேன். எவ்ளோ வருது பாரு."

"பன்னெண்டாயிரத்து அறுநூறு."

"குடுக்கிறதுக்காகச் சொல்லல. அவன் குடுக்கவும் வேண்டாம். ஆனா பூச்சியம்னு போட்டுறாத."

சரியாக இருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கூட்டி, கட்டத்துக்குள் அடித்தேன்: பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.