கயிறு பிடித்த கை

முதல் வருஷப் பரீட்சையில் நான் தவறிப்போனேன். மறுபரீட்சையிலும் தவறினால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று மேட்ரன் அம்மா சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போனால் கீழவைப்பாரில் எனக்கு இருப்பது சங்குக்குளி ஒன்றுதான். கடலடியில் சங்கெடுக்க முங்கி முங்கி இரண்டு காதும் அடைத்துப்போன என் அப்பா, "நீயாவது கரையில பொழச்சுக்கோ" என்று சொல்லி என்னைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு விட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது யுத்த காலம்.

நான் சோம்பி இருக்கவில்லை, சகோதரரே. அதுதான் வேதனை. என்னோடு படித்த நாசரேத்து ஜெபமணி வராந்தாவில் நடந்தபடி பாடத்தைச் சத்தம்போட்டு ஒப்பிப்பான். அவனுக்கு மனதில் நின்றுவிடும். சவரிமுத்து எழுதி எழுதிப் பார்ப்பான். அவனுக்கும் நின்றது. நான் ஜெபமணியோடு நடந்து பார்த்தேன். விரல் வீங்க எழுதியும் பார்த்தேன். எலும்புகளின் பெயர்களெல்லாம் மணலில் ஊற்றின தண்ணீராய் இறங்கிப்போயின.

நாடி பார்ப்பது அதைவிட மோசம். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்ததுமே எனக்குத் தலை சுற்றும், எண்ணிக்கை தப்பும்.

"ஏலே, படுத்துக் கெடக்கவரு எழும்பி ஒனக்கு நாடி பாக்கணும் போலுக்கே!" என்று ஜெபமணி சிரிப்பான்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியை அடுத்த சிறு மாதா கோயிலில் யாரும் இல்லை. ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் தண்ணீரைப் போல அசைந்தது. உப்புக்காற்று திரையை மெல்லத் தூக்கி மெல்ல விட்டது. "தாயே, என் தலை மரக்கட்டை. எனக்கு வழி தெரியவில்லை" என்று அழுதுவிட்டு ஜெபமாலையை உருட்டத் தொடங்கினேன். எப்போது கண் செருகியதென்று தெரியாது.

வள்ளத்தில் இருக்கிறேன். அப்பா கீழே முங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் குளியாளின் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். தன் தங்கச்சி தாலியல்லவா, அசரமாட்டான். என் தாய்மாமன் காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கயிறு என் கைக்கு வந்தது. அப்பா முங்கினால் மேலே நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். 'தூக்கு' என்று அவர் கயிற்றில் இழுப்புக் கொடுத்த பிறகுதான் மூச்சை விடுவேன். கனவிலும் மூச்சைப் பிடித்திருந்தேன். பச்சை வெளிச்சம். நான் மேலே இருக்கிறேனா கீழே இருக்கிறேனா என்று தெரியவில்லை. அப்போது கயிறு லேசாக இழுபட்டது.

விழித்தேன். கையில் கயிறு இல்லை. ஜெபமாலை இருந்தது. விரல் கடைசி மணியில் நின்றது. தூக்கத்திலும் ஒரு மணி தவறவில்லை. இந்த ஜெபத்தை நான் எந்தப் புத்தகத்தில் படித்தேன்? அம்மா என் விரலைப் பிடித்து மணி மணியாக அல்லவா நகர்த்தினாள்! நாடி பிடித்தால் தலை சுற்றுவதன் காரணமும் அப்போது புரிந்தது. யார் மணிக்கட்டைத் தொட்டாலும் அவர் முங்கியிருப்பதாக எண்ணி நான் மூச்சை அடக்கிவிடுகிறேன்!

வெறும் தூக்கம் என்று சிலர் சொல்லலாம். இழுத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

விடுதிக்கு ஓடினேன். "ஜெபமணி, சட்டையக் கழத்திட்டுப் படு."

"என்னலே, என்னைய அறுக்கப் போறியா?"

"நீ ஒப்பி. நான் தொட்டுப் பாக்கேன்."

அவன் வாய் சொல்ல, என் விரல் தேடியது. விலாவுக்கு வந்ததும் அவன் கூச்சத்தில் கட்டிலைவிட்டுக் குதித்தான். நாடி பிடிக்கும்போது முதலில் மூச்சை விட்டு, "மரியாயே" என்று ஒருதரம் சொல்லி, பிறகு எண்ணினேன்.

மறுபரீட்சையில் டாக்டர் ஐயா மணிக்கட்டின் எலும்புகளைக் கேட்டார். எல்லாம் இருட்டிப்போனது. என் இடது மணிக்கட்டை வலது விரல்களால் தொட்டேன்.

"என்ன தம்பி, கைக்கடிகாரத்தைத் தேடுதியா?"

"இல்லைங்கய்யா, பாடத்தைத் தேடுதேன்."

அவர் சிரித்து முடிப்பதற்குள் பெயர்கள் மணி மணியாக வந்துவிட்டன. முதல் பரீட்சையில் ஜெபமணிதான் முதல். மறுபரீட்சையில் நான் கடைசிக்கு முந்தினவன். ஆனாலும் தேறினேன். அன்று கோயில் தரையில் விழுந்து அழுதேன்.

பிறகு அப்பா என்னைப் பார்க்க வந்தார். வார்டில் உட்காரவைத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அப்படியே இருந்தார்.

"மூச்ச விடுங்கப்பா!" என்று அவர் காதில் கத்தினேன். "நான் மேலதான் இருக்கேன்!"

"பழக்கம்லா!" என்று மூச்சை விட்டார். வார்டே சிரித்தது. அவருக்கும் எனக்கும் கண் நிறைந்திருந்தது.

புதிதாய் வரும் பிள்ளைகளிடம் இப்போது நான் ஒன்றுதான் கேட்கிறேன்: "நீ ஜெபத்தை எப்படிப் படித்தாய்? காதாலா, கண்ணாலா, கையாலா? பாடத்தையும் அப்படியே படி."

படிப்பு ஏறாமல் கலங்குகிறவர்களே, உங்களை நீங்களே மூடர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். தாயிடம் கேளுங்கள். கீழே இருட்டாகத்தான் இருக்கும். லேசாக ஓர் இழுப்புக் கொடுங்கள். மேலே கை இருக்கிறது.